காணி, வட்டி, பங்கு: யாழ்ப்பாணத்து முதலீட்டுப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் கொஞ்சம் காசு சேர்ந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் போதும், ஆலோசனை தானாக வரும். காணித் தரகர் காணி வாங்கச் சொல்வார். ஓய்வூதியக்காரர் வங்கியில் நிலையான வைப்பில் போடச் சொல்வார். கனடாவில் இருக்கிற சித்தப்பா ரூபாயை நம்பாதே என்பார். யாரும் பொய் சொல்வதில்லை (தரகரை இதில் சேர்க்காமல் விடுவோம்). அவரவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது சரியாகவே இருக்கும். நாமும் அதே இடத்தில்தான் நிற்கிறோமா என்று பார்க்காமல் அந்தக் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

சித்தப்பாவையே எடுத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அந்த மார்ச்சில் நாணயத்தை மிதக்கவிட்ட (ரூபாயின் விலையைச் சந்தையே தீர்மானிக்க விட்ட) பிறகு, மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. வெளிநாட்டுக் காசு வைத்திருந்தவருக்கு நல்லூர்க் காணி இரண்டு மூன்று மாதத்துக்குள் ஏறத்தாழப் பாதி விலைக்கு வந்த மாதிரி. அவர் "இப்போதே வாங்கு" என்று சொன்னது அவர் கணக்கில் முழு நியாயம். ஆனால் இங்கே ரூபாயில் சம்பளம் எடுக்கிற ஆசிரியர் ஒருவர் அதே பேச்சைக் கேட்டு, வங்கிக் கடனில் அதே காணியை வாங்கினால் அவர் செய்தது வேறு முதலீடு. மலிவு என்று சொன்னவருக்கு மட்டும்தான் அது மலிவு.

காணி விலை விடயத்தில் இன்னொரு பெரிய தவறு, சொல்லும் விலையை விற்ற விலையாக எடுத்துக்கொள்வது. திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ பரப்பு (எங்கள் ஊர்க் காணி அளவு) இவ்வளவு என்று ஊரில் உலாவும் தொகை பெரும்பாலும் விற்பவர் கேட்கிற தொகை. உறுதியில் (விற்பனைப் பத்திரத்தில்) எழுதப்படுகிற தொகையோ பல வேளைகளில் கொடுத்ததைவிடக் குறைவு. முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம் என்பதால் குறைத்து எழுதும் ஆசை வருகிறது. ஆக, வாயில் வருவது கூடுதல், தாளில் இருப்பது குறைவு. உண்மை விலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது. மத்திய வங்கி வெளியிடும் காணி மதிப்புச் சுட்டெண்ணைக் காட்டி "காணி இந்த வருடம் இத்தனை சதவீதம் ஏறியிருக்கு" என்று சிலர் விளக்குவார்கள். அது கொழும்பு மாவட்டத்துக்கானது. கோப்பாய்க்கும் சாவகச்சேரிக்கும் அதில் ஒன்றும் இல்லை. அதே ஒழுங்கையில் கடந்த ஓராண்டில் கைமாறிய இரண்டு மூன்று காணிகளுக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று விசாரிப்பதுதான் பயன்படும். விற்பனைக்கு வந்து இரண்டு வருடமாகியும் போகாமல் நிற்கும் காணிகள் எத்தனை என்றும் கேட்க வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை.

லாபத்தை வெறும் ரூபாயில் எண்ணுவதும் இதோடு சேர்ந்தது. எடுத்துக்காட்டுக்கு, 2022 தொடக்கத்தில் பரப்பு 20 இலட்சத்துக்கு வாங்கிய ஒருவர், டொலர் 300 ரூபாயாக இருக்கும்போது அதை 30 இலட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து இலட்சம் லாபம் என்று ஊருக்கே சொல்வார். டொலரில் பார்த்தால் அன்றும் 10,000, இன்றும் 10,000. பொருள் விலையில் பார்த்தாலோ நட்டம்: 2022 டிசம்பரில் ஆண்டுப் பணவீக்கம் மட்டுமே 57 சதவீதம். 20 இலட்சத்தின் வாங்கும் சக்தி அப்படியே நிற்க, அந்த ஒரு வருட முடிவிலேயே 31 இலட்சத்துக்கு மேல் தேவைப்பட்டது. வேலி அடைத்த செலவும் தரகுக் காசும் வேறு.

சரி, பணவீக்கத்தைப் பார்த்து முடிவெடுத்தால் போதுமா என்றால், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. திறைசேரி உண்டியல்களின் (அரசு ஒரு வருடம் வரை கடன் வாங்கும் பத்திரங்களின்) வட்டி அந்த ஆண்டு இறுதியில் 30 சதவீதத்தைச் சுற்றி நின்றது. "விலை 70 ஏறுது, வட்டி 30 தருது, போடுறவன் மடையன்" என்று அப்போது பலர் கணக்குச் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்த 70 என்பது முடிந்துபோன பன்னிரண்டு மாதத்தின் கணக்கு. வட்டியோ வரப்போகிற பன்னிரண்டு மாதத்துக்கு. 2023 ஜூலைக்குள் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. 2022 இறுதியில் ஒரு வருட உண்டியலில் போட்ட "மடையர்கள்" நன்றாகச் சம்பாதித்தார்கள். போன வருடத்தின் விலையேற்றத்தை அடுத்த வருடத்தின் வட்டியோடு ஒப்பிடுவது, படித்தவர்களும் செய்கிற தவறு.

அதே கதையின் மறுபக்கம், அந்த வட்டி திரும்ப வரும் என்று இன்னும் காத்திருப்பவர்கள். வங்கி வைப்பு வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய பிறகு, "கூடத் தருகிறார்கள்" என்று நிதி நிறுவனங்களைத் தேடிப் போகிறார்கள். நிறுவனம் விழுந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைதான். அதற்கு மேல் போடுவதென்றால், கூடுதல் வட்டி எதற்கான கூலி என்று புரிந்துகொண்டு போட வேண்டும்.

வதந்தியைக் கேட்டு ஓடுவதும் உண்டு. 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு (அரசு உள்நாட்டில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றுவது) அறிவிக்கப்பட்டு, வங்கிகளுக்கு விடுமுறையும் நீண்டபோது, வைப்பில் கை வைக்கப் போகிறார்கள் என்று ஒரே பேச்சு. வைப்புகளைத் தொடவில்லை. சுமையைப் பெருமளவு சுமந்தது ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி.

பங்குச் சந்தை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பு பங்குச் சந்தையின் கிளை இருக்கிறது, கைபேசியிலேயே கணக்குத் திறக்கலாம். வசதி வந்ததும் ஆசையும் வந்தது. 2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றபோது எல்லோருமே நிபுணர்கள். ஏப்ரலில் ஒரு வாரம் சந்தையே மூடப்பட்டது. மாத முடிவில் சுட்டெண் 8,000க்குக் கீழ். பழைய உச்சத்தைத் திரும்பத் தொட ஏறத்தாழ மூன்று வருடம் எடுத்தது, அதுவும் மதிப்புக் குறைந்த ரூபாயில். இரண்டு வருடத்தில் தேவைப்படும் காசை, பிள்ளையின் கலியாணக் காசு மாதிரியானதை, உச்சத்தில் இருக்கும் கதையைக் கேட்டு அங்கே போடக்கூடாது.

அறிவிப்பை நம்பிக் காணி வாங்குவது எங்கள் பக்கத்துக்கே உரியது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. சில மாதங்களில் கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி விமானம் வந்தது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே மழைக்காலத்தைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்டில்தான் திரும்ப ஓடியது. காணி விலை மட்டும் அடிக்கல் நாட்டிய நாளிலேயே ஏறிவிடுகிறது. திட்டம் பொய் என்றில்லை. அது வந்து சேரும் வரை உங்கள் காசு காத்திருக்குமா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, சந்தைக்குக் கீழான விலையில் வருகிற காணி. "அவசரம், வெளிநாடு போகினம், அதுதான் மலிவு" என்பார்கள். சிலவேளை உண்மைதான். ஆனால் இங்கே யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைச் சட்டம் இருக்கிறது. கூட்டுரிமைக் காணி என்றால் மற்றப் பங்காளிகளுக்கும், விற்பவருக்கு உரித்தாளர்களாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதை விவரிக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள சீதனக் காணியை விற்கவும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். ஜேர்மனியில் ஒரு அண்ணன், இலண்டனில் ஒரு அக்கா, அற்றோணித் தத்துவத்தோடு (அவர்களுக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தோடு) இங்கே ஒரு மச்சான் என்றிருக்கும் காணியில், அந்த மலிவு பெரும்பாலும் வராத கையெழுத்துகளின் விலை. சட்டத்தரணி தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்து, கையெழுத்து வைக்க வேண்டியவர்கள் யார் யார் என்று எழுதித் தந்த பிறகுதான் முற்பணம் பற்றியே பேச வேண்டும். நடப்பது வேறு: விலை ஏறிவிடும் என்ற அவசரத்தில் முற்பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, தோம்பு பார்க்க அப்புறம் போகிறார்கள்.