மண் தோண்டும்போதே ரோலர் கோஸ்டரை அடையாளம் காண்பது எப்படி?

வேலி அடித்து, பச்சை வலை கட்டி, இரண்டு மண்வாரிகள் இறங்கிவிட்டால் போதும். எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அன்றிரவே புதிய ரோலர் கோஸ்டரின் உயரம், வேகம், திறப்பு விழா மாதம் எல்லாம் முடிவாகிவிடும். கடைசியில் அங்கே எழுவது பல நேரம் நீர்ச்சறுக்காக இருக்கும், சில நேரம் கார் நிறுத்துமிடமாக இருக்கும். தூணும் தடமும் வந்து சேராத, வெறும் மண்ணும் கான்கிரீட்டுமாக இடம் கிடக்கும் கட்டத்தில் எதைப் பார்ப்பது, எதை நம்புவது என்று எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். ரோலர் கோஸ்டர் வகைகள் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பலகையைப் படியுங்கள்

வேலியோரம் திட்ட அறிவிப்புப் பலகை நிற்கும். உரிமையாளர், கட்டுமானக் குத்தகையாளர், ஆலோசகப் பொறியாளர்கள் பெயர்கள் அதில் இருக்கும். படம் எடுத்துக்கொண்டு, அந்தப் பொறியாளர்கள் இதற்கு முன் என்ன கட்டினார்கள் என்று தேடுங்கள். கேளிக்கைப் பூங்காவின் நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால் இன்னும் நல்லது. கெந்திங் மலைப் பூங்காவை நடத்தும் கெந்திங் மலேசியா நிறுவனத்தின் ஆண்டறிக்கை யாருக்கும் இலவசம். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஊகிக்கிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

படி 2: மேலிருந்து பாருங்கள்

கணினியில் கூகுள் எர்த் புரோ போட்டு, பழைய படங்களை வரிசையாக நகர்த்திப் பாருங்கள். கைப்பேசியில் இந்த வேலை செய்யாதீர்கள், கண்தான் கெடும். அண்மைப் படம் வேண்டுமென்றால் கோப்பர்நிக்கஸ் உலாவி என்ற இணையதளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோளின் படம் இருக்கிறது. அதன் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் என்பதால் தூண்களுக்கான கான்கிரீட் பீடங்கள் தெரியாது. காடு அழிந்து செம்மண் எப்போது வெளியே வந்தது என்பது மட்டும் தெரியும். கெந்திங் மலை சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பாதி நாள் மேகம் மூடிக் கிடக்கும். அங்கே சென்டினல்-1ஐத் தேர்ந்தெடுங்கள். அது ரேடார், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும்.

படி 3: நிற்க ஓர் இடம்

பொதுமக்கள் போகக்கூடிய இடமாக இருக்கட்டும்: பேரங்காடியின் மேல்தள வாகன நிறுத்துமிடம், நடைபாலம், ஹோட்டல் அறை. கெந்திங்கில் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் பூங்காவைப் பார்த்த அறையாகக் கேட்டு வாங்கலாம். டிரோன் வேண்டவே வேண்டாம். விதிகளும் இருக்கின்றன, தலைக்கு மேல் கிரேனும் ஆடுகிறது. வேலியைத் தாண்டி எட்டிப் பார்க்கவும் கூடாது. காவலுக்கு நிற்கும் நேப்பாளத் தம்பியின் வேலைக்கு உலை வைத்து நமக்கு ஒரு படம் தேவையா? நல்ல ஜூம் லென்ஸ் உள்ள பழைய கேமரா ஒன்று, எந்தப் புதுக் கைப்பேசியையும்விட உதவும்.

படி 4: பீடங்களைப் படியுங்கள்

முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். கான்கிரீட் பீடம் கண்ணில் பட்டதும் எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. முதலில் பீடத்தின் தலையைப் பாருங்கள்.

கட்டடத் தூணின் பீடத்தில் இரும்புக் கம்பிகள் கொத்தாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் தூணும் கான்கிரீட்தான், அது அங்கிருந்து வளரப்போகிறது. ரோலர் கோஸ்டருக்கு வருவது எஃகுத் தூண். அதனால் கம்பிகள் உள்ளேயே முடிந்து, மேல்முகம் வழவழப்பாக இருக்கும். அதில் மரையிட்ட தடித்த ஆங்கர் போல்ட்டுகள் மட்டும் சதுரமாகவோ வட்டமாகவோ நிற்கும். சிமெண்டும் துருவும் படாமலிருக்க அவற்றுக்கு நெகிழித் தாள் சுற்றியிருப்பார்கள்.

போல்ட் இருந்தால் மட்டும் துள்ளிக் குதிக்காதீர்கள். தகரக் கொட்டகைக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நீர்ச்சறுக்குக்கும் போல்ட் உண்டு. அடுத்துப் பார்க்க வேண்டியது திசை. கட்டடப் பீடங்கள் கோலப் புள்ளிகளைப் போல வரிசை பிசகாமல் இருக்கும். ரோலர் கோஸ்டர் பீடங்கள் தடத்தின் வளைவோடு சேர்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டே போகும். அந்தத் திருப்பத்தைப் படத்தின் மேல் கோடாக இழுத்துப் பாருங்கள், வளைவு தானாகத் தெரியும். இரண்டிரண்டாக, சில மீட்டர் இடைவெளியில், மேல்முகம் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்த பீடங்கள் இருந்தால் அங்கே வரப்போவது கவைத் தூண் (இரு கால்கள் மேலே ஒன்றுசேரும் தூண்), உயரமான பகுதி. தரையோடு தரையாக நேர்கோட்டில் நெருக்கமாக ஒரு வரிசை, பக்கத்திலேயே மின்கம்பிக்கான வாய்க்கால் என்றால், காந்த விசையால் உந்தித் தள்ளும் பகுதியாக இருக்கலாம். அதே வரிசை ரயில் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தால் பிரேக் பகுதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பீடத்தின் பருமனை வைத்து உயரம் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது குகையும் பொந்துமான சுண்ணாம்புப் பாறை. சன்வே லகூன் பூங்கா இருப்பதோ பழைய ஈயச் சுரங்கத்தில். இப்படிப்பட்ட மண்ணில் சிறிய தூணுக்கும் ஆழமாக பைலிங் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தூண்) அடித்து, மேலே பெரிய பீடம் போட வேண்டிவரும். ஐரோப்பியப் படங்களோடு ஒப்பிடாதீர்கள். ஒரே இடத்துப் பீடங்களை அவற்றுக்குள்ளேயே ஒப்பிடுங்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் மோனோரயிலில் இம்பியில் இறங்கி, பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் பேரங்காடிக்குப் போங்கள். இன்டமின் நிறுவனம் செய்த சூப்பர்சோனிக் ஒடிஸி என்ற ரோலர் கோஸ்டர் 2003 முதல் கட்டடத்துக்குள்ளேயே ஓடுகிறது, தடம் சுமார் 800 மீட்டர். எல்லாரும் தலைகீழாகும் இடத்தையே பார்ப்பார்கள், நீங்கள் தூணின் காலைப் பாருங்கள்.

படி 5: அளந்துகொள்ளுங்கள்

கட்டுமான இடத்தில் ஒரு கொள்கலனாவது அலுவலகமாக நிற்கும். அதையே அளவுகோலாக வைத்துப் படத்தில் பீடங்களை அளக்கலாம். சிறியது சுமார் 6.1 மீட்டர் நீளம், பெரியது 12.2, அகலம் இரண்டுக்கும் 2.44 மீட்டர். பீடத்துக்கு அருகிலேயே உள்ள கொள்கலனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூம் படத்தில் முன்னும் பின்னும் உள்ளவை ஒட்டி நிற்பதுபோலத் தோன்றும்.

படி 6: தடம் வந்துவிட்டால் வேலை சுலபம். தண்டவாளத்தைத் தாங்கும் முதுகெலும்பு பெட்டி வடிவிலா, உருண்டைக் குழாயா, முக்கோணமாகக் கட்டிய குழாய்களா என்று பாருங்கள். பெட்டி என்றால் முதலில் ரோலர் கோஸ்டர் செய்யும் பி அண்ட் எம் நிறுவனத்தை நினையுங்கள்.

பின்சேர்க்கை: தூண்கள் எழுந்த பிறகு நிழலை அளந்து உயரம் கண்டுபிடிக்கலாமா என்று பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வெளிநாட்டு விளக்கங்களில் இது எளிது, அங்கே நிழல் நீளம். நாமோ மலேசியாவில், நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். சென்டினல்-2 சூரிய நேரப்படி காலை பத்தரை வாக்கில் (நம் கடிகாரத்தில் பதினொன்றரையைத் தாண்டி) கடக்கும்போது சூரியன் ஏற்கெனவே உயரே ஏறிவிடும். மார்ச், செப்டம்பரில் நிழல் தூணின் உயரத்தில் பாதிகூட இருக்காது, 10 மீட்டர் புள்ளியில் அதை அளக்கவும் முடியாது. கூகுள் எர்த்தின் கூர்மையான படம் கிடைத்தால், டிசம்பரை ஒட்டிய தேதியாகப் பார்த்து எடுங்கள். நிழல் கொஞ்சம் நீளும்.

இன்னொன்று, திறப்பு விழா எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள். கெந்திங்கில் பழைய வெளிப்புறப் பூங்காவை 2013இல் மூடினார்கள். ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனத்தின் பெயரில் வருவதாக அறிவித்த புதிய பூங்கா, வழக்கெல்லாம் முடிந்து, கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறந்தது 2022 பிப்ரவரியில்.