காத்திருக்காமல் நேரத்தைச் சோதிப்பது எப்படி: ஆர்எக்ஸ்ஜேஎஸ் மார்பிள் சோதனை

ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்பது அடுத்தடுத்து வரும் நிகழ்வுகளை ஓர் ஓடையாகக் கையாள உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். தேடல் பெட்டியில் பயனர் தட்டச்சை நிறுத்தி 300 மில்லி விநாடி கழிந்த பிறகே சர்வருக்குக் கோரிக்கை போகும்படி டிபௌன்ஸ்டைம் (புதிய நிகழ்வு வராமல் குறித்த நேரம் கழிந்தால் மட்டுமே கடைசி நிகழ்வை வெளியே விடும் ஃபங்ஷன்) கொண்டு நிரல் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதைச் சோதிக்க செட்டைம்அவுட் (குறித்த நேரம் கழித்து நிரலை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்) போட்டு உண்மையாகவே காத்திருப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள். அத்தகைய சோதனைகள் மெதுவாக ஓடுவதோடு, கணினியில் வேலைப்பளு கூடும்போது நிரலில் பிழையே இல்லாமலும் தோற்கும்.

முதலில் ஒரு டெஸ்ட்ஷெட்யூலரை, அதாவது சோதனையில் நேரத்தை நகர்த்தும் ஆர்எக்ஸ்ஜேஎஸ் கருவியை, உருவாக்குங்கள். கிடைத்ததையும் எதிர்பார்த்ததையும் ஆழமாக ஒப்பிடும் ஒரு ஃபங்ஷனை அதற்குக் கொடுக்க வேண்டும். அடுத்து, சோதனை முழுவதையும் அதன் ரன் மெத்தடுக்குள் எழுதுங்கள். அதற்குள் ஓடுவது உண்மைக் கடிகாரத்தைச் சாராத மெய்நிகர் நேரம் என்பதால், ஒரு மணி நேரத் தாமதம்கூட நொடியில் முடிந்துவிடும்.

இப்போது நேரத்தை ஒரு வரிக் குறிகளாக வரைய வேண்டும்; இதற்குத்தான் மார்பிள் வரைபடம் என்று பெயர். ஒவ்வொரு குறியும் 1 மில்லி விநாடி; எண்ணிக்கை 0-இல் தொடங்கும். சிறு கோடு என்றால் அப்போது எதுவும் நிகழவில்லை, செங்குத்துக் கோடு என்றால் ஓடை முடிந்தது, எழுத்து என்றால் ஒரு நிகழ்வு. வரைய எளிதாக இருக்க, காத்திருப்பு நேரத்தை 3 மில்லி விநாடியாக வைப்போம்.

உள்ளீடு:
அ-ஆ-----|

எதிர்பார்ப்பு:
-----ஆ--|

'அ' வந்த 2 மில்லி விநாடியிலேயே 'ஆ' வந்துவிடுவதால் 'அ' கைவிடப்படுகிறது. 2-இல் வந்த 'ஆ' 3 சேர்ந்து 5-இல் வெளியேறுகிறது. முதல் வரியை ரன் தரும் கோல்ட் என்ற ஃபங்ஷன் கொண்டு ஓடையாக்கி, டிபௌன்ஸ்டைம் வழியாக அனுப்பி, எக்ஸ்பெக்ட்ஆப்சர்வபிள் என்ற ஒப்பீட்டு ஃபங்ஷன் கொண்டு இரண்டாம் வரியோடு ஒப்பிடுங்கள்.

தமிழ் எழுத்துகளால் வரைபவர்கள் உயிரெழுத்துகளையே பயன்படுத்துவது நல்லது. 'கா' நம் கண்ணுக்கு ஓர் எழுத்தானாலும் யூனிகோடில் ககரமும் கால் குறியுமாக இரண்டு என்பதால், அது இரண்டு நிகழ்வுகளாகக் கணக்கிடப்படும்.

நீண்ட இடைவெளிகளைக் கோடுகளாக வரையாமல், இருபுறமும் இடம் விட்டு, எண்ணும் அலகுமாக எழுதலாம். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: எழுத்தும் 1 மில்லி விநாடியை எடுத்துக்கொள்வதால், 0-இல் ஒரு நிகழ்வும் 100-இல் அடுத்ததும் வேண்டுமென்றால் நடுவே 99ms என்றுதான் எழுத வேண்டும்.

ப்ராமிஸ்கள் (பின்னர் வரப்போகும் ஒரு பதிலைக் குறிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கள்) மட்டும் இந்த மெய்நிகர் நேரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. எனவே ப்ராமிஸ் தரும் சர்வர் அழைப்பைச் சோதனையில் நேரடியாக விடாமல், அதன் இடத்தில் தாமதத்தோடு பதில் தரும் ஒரு கோல்ட் ஓடையை வையுங்கள்.