பொறிப்புக் கண்ணாடியில் கை வைப்பதற்கு முன்

பழைய கட்டடங்களின் கதவு, ஜன்னல்களில் உள்ள பொறிப்புக் கண்ணாடியை, அதாவது அமிலத்தால் அரித்தோ மணல் அடித்தோ வெண்மையாக வேலைப்பாடு செய்த கண்ணாடியைப் புதுப்பிக்கும்போது கைதவறிப் போட்டு உடைப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். உடையாமலே கண்ணாடியைப் பாழாக்க வழிகள் இருக்கின்றன. எனக்கு எரிச்சல் மூட்டுபவை அவைதான்.

பிசுக்கைத் தேய்மானம் என்று நினைப்பது

இரட்டைக் கதவு ஒன்று. கை வைத்துத் தள்ளும் உயரத்தில், பெரணி இலை வேலைப்பாட்டின் நடுவே வெண்மை மறைந்து திட்டாகத் தெளிந்திருந்தது. "பொறிப்பு தேஞ்சுபோச்சு, திரும்ப சாண்ட்பிளாஸ்டிங் பண்ணிடலாம்" என்று புதிதாக வந்தவர் ஒருவர் முடிவெடுத்துவிட்டார். நான் பார்ப்பதற்குள் ஒரு பக்கம் முடிந்துபோயிருந்தது. மறுபக்கத்தில் அதே திட்டின் மேல், அசிட்டோனில் நனைத்த பஞ்சுக்குச்சியை மெல்ல உருட்டினேன். பஞ்சு பழுப்பானது. காய்ந்ததும் குச்சி போன தடம் மட்டும் வெள்ளைக் கோடாக எழுந்து வந்தது. அத்தனையும் கைப்பிசுக்கு!

பொறித்த பரப்பிலுள்ள நுண்ணிய பள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52, எண்ணெய்க்கு 1.47 அல்லது 1.48. இரண்டும் நெருங்கியிருப்பதால், பள்ளத்தில் எண்ணெய் நிரம்பினால் ஒளி சிதறாமல் ஊடுருவிவிடும். தண்ணீரும் (1.33) ஓரளவு இதே வேலையைச் செய்யும். அதனால் ஈரம் காயாமல் எதையும் தீர்மானிக்காதீர்கள்.

சரி, மணல் அடித்தால் என்ன கெடுதல்? அமில வேலையில் பரப்பின் சில பகுதிகளைப் பல தடவை மறைத்து, பல தடவை அரிக்கவிட்டு, தெளிவு, மங்கல், வெண்மை என்று படிப்படியாகச் சாயல்களைக் கொண்டுவந்திருப்பார்கள். மணல் அத்தனையையும் ஒரே சொரசொரப்பாக்கிவிடும். போன சாயல் திரும்பாது. போதாக்குறைக்கு, அந்தச் சொரசொரப்பு விரல் பிசுக்கை இன்னும் வேகமாக வாங்கிக்கொள்ளும். சாண்ட்பிளாஸ்டிங்குக்கு டில்க்மன் காப்புரிமை வாங்கியது 1870இல். ஆகவே உங்கள் கண்ணாடியே பழைய மணல் வேலையாகவும் இருக்கலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

பிளேடால் சுரண்டுவது

பெயின்ட் போகும், எஃகுக் கீறல் சாம்பல் நிறத்தில் தங்கும்.

சிலிக்கோன்

இடைவெளி அடைக்கும் இந்தப் பசை பொறித்த முகத்தின் பக்கமே வேண்டாம்.

மக்கை உளியால் பெயர்ப்பது

கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் ஆளிவிதை எண்ணெய் மக்கு (புட்டி) வருடக்கணக்கில் இறுகிக் கல்லாகியிருக்கும். உளியும் சுத்தியலும் எடுத்தால் விரிசல்தான். அகச்சிவப்பு விளக்கால் நிதானமாகச் சூடாக்கினால் இளகும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் அதிலும் விரிசல் விடும். சட்டத்தின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், சோதித்துவிட்டுத் தொடுங்கள். கண்ணாடியை மறைக்க டேப் ஒட்டாதீர்கள், அதன் பசையும் பள்ளத்தில் இறங்கும். பசையில்லாத காகிதம் போதும். அப்புறம் புது மக்கு வைக்கும்போது பொறிப்பில் தீற்றிய எண்ணெயை அன்றே துடைத்துவிடுங்கள்.

துரு நீக்கும் திரவங்கள்

லேபிளில் அமோனியம் பைஃபுளோரைடு என்றிருந்தால் மூடியைக்கூடத் திறக்காதீர்கள். கண்ணாடியை அரிக்கும், கையையும் விடாது.

விரிசலில் எபாக்சி

விரிசலை ஒட்ட உள்ளே விடும் எபாக்சிப் பசை தானாகவே ஊர்ந்து மறுபக்கம் போகும். அங்கே பொறித்த முகம் இருந்தால் மேலே சொன்ன அதே கதை, தெளிந்த திட்டு. வித்தியாசம் என்னவென்றால், இறுகிய எபாக்சி அசிட்டோனுக்கு மசியாது.