சைக்கிளுக்கு மெத்தென்ற சீட்டு வாங்கினால் வலி போய்விடுமா?

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஒரு வழிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். கடலோரச் சைக்கிள் பாதையில் காற்று நன்றாகத்தான் வரும். ஆனால் பினாங்குப் பாலம் நெருங்குவதற்குள் உட்கார்ந்த இடம் கடுக்க ஆரம்பித்துவிடும்.

உடனே தலையணை மாதிரி ஒரு ஜெல் கவர் வாங்கி மாட்டுவோம். நானும் மாட்டினேன். முதல் தவறே அதுதான். நம் எடையைத் தாங்க வேண்டியவை பிட்டத்துக்கு அடியில் உள்ள இரண்டு எலும்புகள். ஜெல்லில் அவை புதைந்துபோக, நடுப்பகுதி பிதுங்கி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மென்மையான இடத்தை அழுத்தும். மார்க்கெட் வரை போய்வர அது சுகம்தான். ஒரு மணி நேரம் மிதித்தால் மரத்துப்போகும். மரத்துப்போவதைப் 'போகப் போகப் பழகிவிடும்' என்று விடாதீர்கள். அது வலியைவிட மோசமான அறிகுறி. மழை பெய்தால் அந்தக் கவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இரண்டு நாள் காயாது என்பது தனிக்கதை.

மென்மையைவிட அகலம் முக்கியம். நெளி அட்டை ஒன்றைப் படிக்கட்டில் போட்டுச் சற்று முன்னால் சாய்ந்து உட்காருங்கள். இரண்டு பள்ளம் விழும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தோடு 2, 3 சென்டிமீட்டர் கூட்டினால், வேண்டிய அகலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

சரி, சீட்டு நல்லதுதான், அப்புறமும் உரசுகிறதா? உயரத்தைப் பாருங்கள். சீட்டு அதிக உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். தொடை இடுக்கு தேய்ந்து எரியும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் அளவு. சீட்டு மூக்கு மேலே தூக்கியிருந்தால் முன்பக்கம் அழுத்தும். பயந்துபோய் அதிகமாகக் கீழே சாய்த்தால் உடல் வழுக்கி, பாரமெல்லாம் கைக்கு வரும். மட்டமாக வைத்துத் தொடங்குங்கள்.

சொல்லக் கூச்சப்படும் விஷயம் உடுப்பு. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக்கூடாது. அதன் தையல்தான் இந்தப் புழுக்கத்தில் தோலை அறுக்கும். ஜீன்ஸும் அப்படித்தான். காலையில் வியர்த்த கால்சட்டையையே மாலையிலும் மாட்டிக்கொண்டு வீடு திரும்புவது கொப்புளத்தை வா என்று அழைப்பது. இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில் கல் மாதிரி இறுகும்வரை காற்றடிக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று ரத்தம் ஓட விடுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். உயரமென்றால் ஒரு தடவைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் போதும். பழைய உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். சரிப்படாவிட்டால் திரும்பிப் போக அடையாளம் வேண்டுமே.