‘அப்போது நான் அங்கே இல்லை’: தொழிலதிபர் வேட்பாளர் மேடையில் சறுக்கும் இடங்கள்

1994-ல் இந்தியானாவின் மேரியன் என்ற சிற்றூரிலிருந்து ஆலைத் தொழிலாளர்கள் சிலர் மாசசூசெட்ஸில் வந்து இறங்கினார்கள். அங்கே செனட் தேர்தலில் டெட் கென்னடியை எதிர்த்து நின்றவர் தொழிலதிபர் மிட் ராம்னி. அவர் கூட்டாகத் தொடங்கிய பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பிடியிலிருந்த, காகிதப் பொருள்கள் செய்யும் ஆம்பாட் நிறுவனம் அந்த ஆலையை வாங்கிய கையோடு எல்லோருடைய சீட்டையும் கிழித்தது. பலரைக் குறைந்த கூலிக்குத் திரும்ப எடுத்தது. அப்போது பெய்னிலிருந்து விடுப்பில் இருந்தேன் என்றார் ராம்னி. உண்மைதான். 58-க்கு 41 சதவீதம் என்று தோற்றார்.

வேலை போனவரிடம் தேதி சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. ஒபாமாவை எதிர்த்து நின்ற 2012 அதிபர் தேர்தலிலும் அதே பதில். கான்சாஸ் சிட்டியில் பெய்ன் பணம் போட்டிருந்த ஜிஎஸ்டி ஸ்டீல் என்ற உருக்காலை திவாலானது 2001-ல். நானோ ஒலிம்பிக் வேலைக்காக 1999-லேயே கிளம்பிவிட்டேன் என்றார். ஆனால் 2002 வரை பங்குச் சந்தை ஆணையத்துக்குப் போன ஆவணங்கள் அவரைத்தான் பெய்னின் ஒரே உரிமையாளர், தலைமை நிர்வாகி என்று காட்டின. பெயர் இருந்தது, பொறுப்பு இல்லை என்று மேடையில் விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மூடிய ஆலையின் பெயரைத் தானே முதலில் எடுத்து, ஏன் மூடினோம் என்று சொல்லியிருந்தால் அடி பாதியாகக் குறைந்திருக்கும். பெய்ன் பணத்தில் ஸ்டேப்பிள்ஸ் கடைகள் வளர்ந்த கதையை மட்டும் சொன்னால், மற்ற கதையைச் சொல்ல எதிராளி இருக்கிறார்.

வரிக் கணக்கு விஷயத்தில் அவர் செய்தது இன்னும் மோசம். 2012 ஜனவரி 19, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களுக்கிடையே சார்ல்ஸ்டனில் நடந்த விவாதம். உங்கள் அப்பா ஜார்ஜ் ராம்னி 12 வருடக் கணக்கை வெளியிட்டாரே, நீங்களும் அப்படிச் செய்வீர்களா என்று கேட்டார் நெறியாளர். “இருக்கலாம்” என்றார் மகன். அரங்கிலிருந்து கூச்சல். அத்தனையும் சொந்தக் கட்சிக்காரர்கள்! மடியில் கனம் இருப்பதை முகமே சொல்லிவிட்டது. இரண்டு நாள் கழித்து தென் கரோலினாவில் நடந்த உட்கட்சித் தேர்தலில் போட்டியாளர் நியூட் கிங்ரிச் ஜெயித்தார். அதற்கு அடுத்த வாரமே கணக்கை வெளியிட வேண்டியதாயிற்று: 2010-ல் வருமானம் சுமார் 2.16 கோடி டாலர், கட்டிய வரி 13.9 சதவீதம். எப்படியும் காட்டப்போவதை, அடி வாங்குவதற்கு முன்பே காட்டியிருக்கலாம்.

பணத்தை விளையாட்டாகக் கூட மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. 2011 டிசம்பரில் டெ மாய்ன் விவாதத்தில் இன்னொரு உட்கட்சிப் போட்டியாளரான ரிக் பெர்ரியிடம் கையை நீட்டி, பத்தாயிரம் டாலர் பந்தயம் கட்டுகிறீர்களா என்று கேட்டார் ராம்னி. பத்து டாலர் என்றிருந்தால் அதோடு போயிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த சறுக்கல் வேறொன்று. 2012 ஜனவரி கடைசியில் ஜாக்சன்வில் மேடையில் ராம்னியின் முதலீடுகளைக் கிங்ரிச் நோண்டியபோது, உங்கள் முதலீட்டைப் பார்த்தீர்களா, அதிலும் அதே நிறுவனங்கள்தானே என்று ராம்னி திருப்பிக் கேட்டார். கிங்ரிச் திணறினார். அந்த ருசி விடவில்லை. அக்டோபர் 16-ல் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழக மேடையில் ஒபாமாவிடமும் அதே கேள்வி: “உங்கள் ஓய்வூதிய நிதியைப் பார்த்தீர்களா?” ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. நான் பார்ப்பதில்லை, உங்களுடையது அளவுக்குப் பெரியதில்லை, அதனால் அதிக நேரமும் ஆகாது என்றார் ஒபாமா. அரங்கம் சிரித்தது. கிங்ரிச்சும் வசதியானவர், அவரிடம் எடுபட்டது. தன்னைவிடப் பல மடங்கு சிறிய நிதி வைத்திருப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் தன் செல்வத்தைத் தானே தம்பட்டம் அடித்த மாதிரிதான்.

எதிராளிக்கும் ஒரு தவறு காத்திருக்கிறது: ஆயுதம் கையில் இருந்தால் போதும் என்ற நினைப்பு. அக்டோபர் 3, டென்வர் முதல் விவாதத்தில் ஒபாமா பெய்னைப் பற்றிப் பேசவில்லை. அரசை நம்பி வாழும் 47 சதவீதம் பேர் தனக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்று நன்கொடையாளர் கூட்டத்தில் ராம்னி பேசி மாட்டிக்கொண்ட காணொளியையும் எடுக்கவில்லை. அன்று ராம்னிதான் ஜெயித்தார் என்றார்கள். ஹாஃப்ஸ்ட்ராவில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நூறு சதவீத மக்கள்மீதும் எனக்கு அக்கறை உண்டு என்று ராம்னியே வாசலைத் திறந்துவிட்டார். முடித்துவைக்கும் முறை ஒபாமாவுடையது. அப்போதுதான் 47 சதவீதத்தை எடுத்தார். ராம்னி பதில் சொல்ல நேரமே இல்லை.