ஒரு டிரேடை வைத்து ஜெனரல் மேனேஜரை எடைபோடாதீர்கள்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்-இல், 2022 ஜூலையில் கால்கரி ஃப்ளேம்ஸ் அணி ஒரு டிரேடில், அதாவது ஆட்டக்காரர் பரிமாற்றத்தில், தன் நட்சத்திர ஆட்டக்காரர் மேத்யூ கச்சக்கை ஃப்ளோரிடா பாந்தர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு, முந்தைய சீசனில் 115 பாயின்ட் (அடித்த கோலும், மற்றவர் கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்ந்த எண்) எடுத்திருந்த ஜோனத்தன் ஹூபர்டோ வந்தார். கூடவே மெக்கென்சி வீகர் என்ற நல்ல டிஃபென்ஸ்மேன், கோல் ஷ்விண்ட் என்ற இளைஞர், ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை, அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவரை எடுக்கும் உரிமை. யாரை வாங்குவது, யாரைக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் கால்கரியின் ஜெனரல் மேனேஜர் பிராட் ட்ரிலிவிங் அசத்திவிட்டார் என்று அன்று பலரும் புகழ்ந்தார்கள். அடுத்த சீசனில் ஹூபர்டோ எடுத்தது 55 பாயின்ட்தான். ஃப்ளோரிடாவோ 2023-இல் இறுதிச் சுற்றுக்கு வந்தது. 2024, 2025 இரண்டிலும் லீகின் கோப்பையான ஸ்டான்லி கப்பை வென்றது. உடனே பேச்சு மாறியது: ட்ரிலிவிங் ஏமாந்துவிட்டாராம்.

எனக்கு இரண்டு தீர்ப்புமே சரியாகப் படவில்லை. அன்று அவர் எந்த நிலைமையில் இருந்தார் என்று பாருங்கள். சில நாள் முன்புதான் அணியின் இன்னொரு நட்சத்திரம் ஜானி காட்ரோ ஒப்பந்தம் முடிந்து கொலம்பஸுக்குப் போயிருந்தார். கால்கரிக்கு அதில் ஒரு பைசா பலன் இல்லை. அடுத்து கச்சக்கும் நீண்டகால ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க மாட்டேன் என்றுவிட்டார். விற்றே ஆக வேண்டியவனுக்கு நல்ல விலை கிடைக்காது என்பது சந்தைக்குப் போகும் யாருக்கும் தெரியும். அந்த நெருக்கடியில் இவ்வளவு வாங்கியது கெட்டிக்காரத்தனம்தான். பிறகு என்ன ஆனது என்பதை வைத்து அதை அழித்துவிட முடியாது.

குறை சொல்ல வேண்டுமென்றால் அதற்கு அடுத்த முடிவைச் சொல்லுங்கள். ஹூபர்டோ கால்கரி ஜெர்சியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, அதற்குள் ஆகஸ்டிலேயே அவருக்கு 8 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள், மொத்தம் 8.4 கோடி டாலர். அது நடைமுறைக்கு வரும்போது அவருக்கு வயது 30. அந்த 115 பாயின்டில் 85 அசிஸ்ட், அதாவது அவர் கொடுத்த பந்தயத் தட்டை, ஹாக்கிக்காரர்கள் பக் என்பதை, மற்றவர்கள் கோலாக்கியதால் வந்தவை. சுற்றியிருக்கும் ஆட்கள் மாறினால் அந்த எண் அப்படியே நிற்குமா என்ற கேள்வி அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியது. டிரேட் ஒரு முடிவு, ஒப்பந்தம் வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மதிப்பெண் போடுவதுதான் நான் அதிகமாகப் பார்க்கும் தவறு.

அப்புறம், நாற்காலியில் இருப்பவர் கணக்கிலேயே எல்லாவற்றையும் எழுதுவது. ஃப்ளோரிடாவின் இரண்டு கோப்பைகளும் ஜெனரல் மேனேஜர் பில் ஸீட்டோ காலத்தில் வந்தவை; அவர் பொறுப்பேற்றது 2020-இல். ஆனால் அணித்தலைவர் அலெக்சாண்டர் பார்கோவை 2013-லும், ஆரன் எக்ப்ளாடை 2014-லும் டிராஃப்டில் எடுத்தது முந்தைய ஜெனரல் மேனேஜர் டேல் டேலன் காலத்து நிர்வாகம். கோல்கீப்பர் செர்கேய் பொப்ரோவ்ஸ்கிக்கு 2019-இல் ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வீதம் 7 ஆண்டு கொடுத்ததும் டேலன்தான். பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று அப்போது திட்டாதவர்கள் குறைவு. இரண்டு கோப்பைகளின்போதும் வலைமுன் நின்றது அதே பொப்ரோவ்ஸ்கி.

அதற்காக டேலனைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். 2017-இல் வேகஸ் கோல்டன் நைட்ஸ் புதிதாக லீகில் சேர்ந்தபோது, மற்ற அணிகள் பாதுகாப்புப் பட்டியலில் வைக்காத ஆட்டக்காரர்களை எடுக்க அதற்கு அனுமதி இருந்தது; அப்போதுதான் 30 கோல் அடித்து முடித்திருந்த ஜோனத்தன் மார்ச்சசோவை அவர் பாதுகாப்புப் பட்டியலில் வைக்கவில்லை. வேகஸ் அவரை எடுத்துக்கொண்டது. கூடவே ரைலி ஸ்மித்தையும் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு அனுப்பிவைத்தார். 2023 இறுதியில் ஃப்ளோரிடாவைத் தோற்கடித்தது அதே வேகஸ். கோப்பைக்கான பிளேயாஃப் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருது மார்ச்சசோவுக்கு. ஒரே மனிதரின் கணக்கேட்டில் இந்த வரவும் அந்தச் செலவும் சேர்ந்தே இருக்கின்றன.

டிராஃப்ட் உரிமைகளைப் பின்னால் தெரிந்த பெயரை வைத்து மதிப்பிடுவதும் நியாயமில்லை. டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழைய வலி. 2009-இல் டொராண்டோ அணியான மேப்பிள் லீஃப்ஸின் ஜெனரல் மேனேஜர் பிரையன் பர்க், ஃபில் கெஸலுக்காக பாஸ்டனுக்கு இரண்டு முதல் சுற்று உரிமைகளும் ஒரு இரண்டாம் சுற்று உரிமையும் கொடுத்தார். முதல் சுற்று உரிமைகள் இரண்டும் டைலர் செகினாகவும் டக்கி ஹாமில்டனாகவும் மாறின. "செகினைக் கொடுத்து கெஸலை வாங்கினார்" என்பது தவறான வாக்கியம். அன்று செகின் யார் கையிலும் இல்லை. சரியான கேள்வி வேறு: தன் அணி பலவீனமாக இருக்கும்போது, அதாவது பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை என்பதால் உரிமை மேலே போய் விழ வாய்ப்பு அதிகமாக இருக்கும்போது, அதை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுக்கலாமா? பர்க்கை அந்த இடத்தில் கேள்வி கேட்பது நியாயம். உரிமை 2-ஆம் இடத்தில் போய் விழுந்தது.

ஒரு டிரேடைவிட, பல டிரேடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதுதான் ஆளைக் காட்டும். எட்மன்டனின் ஜெனரல் மேனேஜராக இருந்த பீட்டர் சியரெல்லி 2015-இல் 16, 33-ஆம் இட உரிமைகளைக் கொடுத்து கிரிஃபின் ரைன்ஹார்ட்டை வாங்கினார். ரைன்ஹார்ட் அங்கே வழக்கமான சீசனில் ஆடியது 29 ஆட்டம். 2016-இல் டேலர் ஹாலைக் கொடுத்து ஆடம் லார்சனை வாங்கினார். 2018-இல் ஹால் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். 2017-இல் ஜோர்டன் எபர்லேவைக் கொடுத்து ரயன் ஸ்ட்ரோம். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. லார்சன் மோசமான ஆட்டக்காரரும் இல்லை, அணிக்கு டிஃபென்ஸ்மேன் தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் மூன்றையும் வரிசையாக வைத்தால், திறமை வெளியே போய் தேவை மட்டும் உள்ளே வந்தது தெரியும். 2011-இல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரும் இதே சியரெல்லிதான் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஒரு அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-20 முதல் மூன்று சீசன் அது 8.15 கோடி டாலரிலேயே நின்றது. அந்தக் காலத்தில் நல்ல ஆட்டக்காரரைச் சும்மா கொடுத்ததுபோல் தெரியும் டிரேடுகள் பலவும் இடம் காலி செய்ய நடந்தவை. எவ்வளவு சம்பளம், எத்தனை ஆண்டு என்று பார்க்காமல் பெயருக்குப் பெயர் ஒப்பிட்டால் பாதிக் கணக்குதான்.

கடைசியாக, பேசப்படாத வேலை. ஒரு ஆட்டக்காரரைக் கீழ் லீகுக்கு அனுப்ப நினைக்கும் அணி பெரும்பாலும் அவரை முதலில் வேய்வர்ஸ் பட்டியலில் போட வேண்டும். வேறு அணி கேட்டால் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு எதுவும் தர வேண்டாம். 2021 ஜனவரியில் கரோலைனா அப்படி குஸ்டாவ் ஃபோர்ஸ்லிங் என்ற ஸ்வீடன்காரரைப் போட்டது. ஸீட்டோ எடுத்துக்கொண்டார். அன்று அதைப் பற்றிப் பெரிதாக யாரும் எழுதவில்லை. 2023-24 சீசனில் ஃபோர்ஸ்லிங்கின் பிளஸ்-மைனஸ், அதாவது அவர் களத்தில் இருக்கும்போது அணி அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்த எண், +56; லீகிலேயே முதலிடம். ஃப்ளோரிடா முதல் கோப்பையை வென்ற சீசன் அது. ஸீட்டோவின் டிரேடுகளை மட்டும் வரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலிலும் ஃபோர்ஸ்லிங் பெயர் இருக்காது.