லினக்ஸ்ல கோடிங்குக்கு சிஸ்டத்தை செட்டப் பண்றது எப்படி?

முதல்ல எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸோட எந்த வகைன்னு மண்டைய போட்டு உடைச்சுக்காதீங்க. புதுசா வர்றவங்களுக்கு உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட நாள் சப்போர்ட் உள்ள வெர்ஷன்) போதும், 2 வருஷத்துக்கு ஒருக்கா ஏப்ரல்ல வரும், 5 வருஷம் அப்டேட் கிடைக்கும். எல்லாமே லேட்டஸ்டா வேணும்னா ஃபெடோரா, ஆனா ஒரு ரிலீஸுக்கு சுமார் 13 மாசம்தான் சப்போர்ட், அதனால வருஷாவருஷம் அப்கிரேடு பண்ணித்தான் ஆகணும்.

உபுண்டு போட்டாச்சுன்னா டெர்மினல்ல (கமாண்ட் டைப் பண்ற விண்டோ) 'சூடோ ஆப்ட் அப்டேட்' அடிச்சிட்டு பில்ட்-எசென்ஷியல், அப்புறம் கோடோட பழைய வெர்ஷன்களைச் சேமிச்சு வைக்கிற கிட் (Git), ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணுங்க. முதல் பேக்கேஜ்லயே சி, சி++ கோடை கம்பைல் பண்ற ஜிசிசி, ஜி++, பில்ட் பண்ண உதவுற மேக் மூணும் வந்துடும்.

அடுத்து பைத்தான், நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான். நான் ஒரு தடவை சிஸ்டத்தோட வந்த பைத்தானையே தூக்கிட்டு வேற வெர்ஷன் போடப் போய், அதை நம்பியிருந்த டெஸ்க்டாப் பேக்கேஜ் எல்லாம் கூடவே போயிடுச்சு, ரீஸ்டார்ட் பண்ணா வெறும் கருப்பு ஸ்க்ரீன். தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க.

இப்பல்லாம் பைத்தான் லைப்ரரி போட நேரா பிப் இன்ஸ்டால் அடிச்சா 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு'ன்னு எரர் வரும், அது உங்க நல்லதுக்குத்தான், 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' ஆப்ஷன் போட்டு அதைத் தாண்டாதீங்க. அதுக்குப் பதிலா ப்ராஜெக்டுக்குன்னு தனி பைத்தான் சூழல் உருவாக்குற பைத்தான்3-வென்வ் பேக்கேஜ் போட்டு, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள 'பைத்தான்3 -எம் வென்வ் என்வ்' அடிங்க, அப்புறம் 'சோர்ஸ் என்வ்/பின்/ஆக்டிவேட்', ப்ராம்ப்டுக்கு (கமாண்ட் அடிக்கிற வரி) முன்னாடி என்வ்னு வந்துட்டா இனி பிப்ல என்ன போட்டாலும் அந்த என்வ் ஃபோல்டரோட நின்னுடும், சொதப்பினாலும் அந்த என்வ் ஃபோல்டரை மட்டும் டெலீட் பண்ணிட்டு திரும்ப ஆரம்பிக்கலாம்.

எடிட்டர் உங்க இஷ்டம், நான் விஎஸ் கோடோட ஓப்பன் சோர்ஸ் பில்டான விஎஸ்கோடியம் வச்சிருக்கேன்.